கை நனைக்கும் முன் பார்த்த கணக்கு

அன்பு மகளுக்கு,

உன் சின்ன மாமியார் உன்னிடம் சொன்னது பாதிதான் உண்மை. உன் கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்னால் அம்பாசமுத்திரத்தில் உன் மாமனார் வீட்டுக் கூடத்தில், இரண்டு பக்கத்துச் சொந்தமும் பார்த்துக்கொண்டிருக்க நான் சண்டை போட்டேன் என்பது உண்மை. கொண்டுவந்து நீட்டிய காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன் என்பதும் உண்மை. அந்த அம்மா ஏன் அதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன், ஏட்டி! அதை யார் சொல்வது? நேற்று நீ போனில், "என் வாழ்க்கைய வச்சுல்லா வெளையாடியிருக்க. அவங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் என்ன ஆயிருப்பேன்?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் இடையிடையே பேசுவாய், நானும் பேசுவேன், இரண்டு பேருக்கும் ஒன்றும் காதில் விழாது. அதனால் கடையை மத்தியானமே பூட்டிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் இருந்தாலும் கடைசிவரை படி. உனக்கு நான் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாத ஒன்றும் இதில் இருக்கிறது.

மாப்பிள்ளை நீயாகப் பார்த்துச் சொன்ன பையன். பாளையங்கோட்டையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த பழக்கம். ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று தாளில் எழுதி வாங்கியாயிற்று. மிச்சம் இருந்தது நாங்கள் போய் வீடு பார்ப்பதும் கை நனைப்பதும்தான். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீருக்கு மேல் ஒன்றும் வாங்கிக் குடிக்க மாட்டோம். காபியை வாங்கிவிட்டால், பலகாரத்தில் கை வைத்துவிட்டால், பெண்ணைக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். அன்றைக்கு வேனில் போகும்போது எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. காபி குடிக்கத்தான் போனேன். பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவள் ஆனதால், வயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கிற கிளாம்ப் மீட்டர் கைப்பையில் எப்போதும் கிடக்கும். அன்றைக்கும் கிடந்தது, அவ்வளவுதான். "பொண்ணு கொடுக்கப் போறவ பையில பூவும் பழமும் இருக்கும். இவ பையில மீட்டர் இருக்கு" என்று உங்கப்பா வேனில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தார்.

உன் மாமனார் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சும் நடையும் இன்னும் ஆபீசில் இருப்பது போலவே இருந்தது. உங்கள் இருவருக்காக மாடியில் புதிதாகக் கட்டிய அறையை அவரே கூட்டிப்போய்க் காட்டினார். சொல்லக்கூடாது, லட்சணமான அறை. ஏசி, குளியலறையில் ஹீட்டர், துணி தேய்க்கத் தனி மேஜை. "பாருங்க" என்று ஏசியைப் போட்டார். குளிர்காற்று வந்தது, அதே நொடி மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி வேகம் குறைந்து ஒரு அசதி அசந்து, பிறகு சுற்றியது. எல்லோரும் "ஆகா, ஜில்லுன்னு இருக்கு" என்றார்கள். எனக்கு வியர்த்தது. "அண்ணாச்சி, இந்த மாடிக்குப் புது வயர் இழுத்தியளா, பழைய வயர்லயே கொடுத்தியளா?" என்று கேட்டேன். "பழசுலதாம்மா. நல்ல வயர்தான். முப்பது வருசமா ஒரு கோளாறு இல்ல" என்றார். "பியூஸ் போகுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இந்த ரூம்பு கட்டின புதுசுல தினமும் போச்சு. தெரிஞ்ச ஆளு ஒருத்தன் வந்து கம்பியக் கொஞ்சம் தடிமனாப் போட்டுட்டுப் போனான். அதுக்கப்புறம் போகவே இல்ல" என்று பெருமையாகச் சொன்னார். அந்தக் கம்பியை உடனே பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மெயினை அணைக்கச் சொல்லி, மாடிப்படிக்கு அடியில் இருந்த பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். நான் மோட்டாருக்குக் கட்டுகிற கம்பி மாதிரித் தடித்த செம்புக் கம்பி உள்ளே இருந்தது. வீடே பற்றி எரிந்தாலும் அது உருகாது. "ஒரு சின்னக் கணக்குப் பாக்கலாமா அண்ணாச்சி? மேல ஏசி, ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மூணையும் போடச் சொல்லுங்க" என்றேன். உங்கப்பா என் காலை மிதித்தார். நான் காலை நகர்த்திக்கொண்டேன். மெயினைத் திரும்பப் போட்டு, மூன்றும் ஓட ஆரம்பித்ததும், மாடிக்குப் போகிற வயரில் மீட்டரைக் கவ்வ வைத்தேன். பதினெட்டு ஆம்பியர். அந்த வயரின் தடிமனுக்குப் பத்து ஓடினாலே அதிகம். கீழே போர்டில் வோல்ட் பார்த்தேன், இருநூற்று முப்பது. மாடி ஏறிப் போய் அறையில் பார்த்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு. கீழே இருந்து மேலே போவதற்குள் பதினெட்டு வோல்ட் காணாமல் போயிருந்தது. எழுதிப் பார்க்கத் தாள் தேடினேன். கையில் இருந்தது உன் ஜாதகப் பொருத்தம் எழுதிய தாள்தான். அதன் பின்பக்கத்திலேயே எழுதினேன். பதினெட்டு வோல்ட்டைப் பதினெட்டு ஆம்பியரால் வகுத்தால் ஒன்று. அந்த வயரின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம்.

உன் மாமனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். "ஒண்ணுதானம்மா வந்திருக்கு. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். "ஒண்ணுதான் அண்ணாச்சி. ஆனா அதுக்குள்ள பதினெட்டு ஆம்பியர் ஓடுதுல்லா? காணாமப் போன வோல்ட்டையும் ஓடுற ஆம்பியரையும் பெருக்குங்க. அதுதான் அந்த வயரு தின்னுத பவரு" என்றேன். ஆபீஸ்காரர் அல்லவா, மனக்கணக்கிலேயே சொல்லிவிட்டார்: முந்நூற்று இருபத்து நாலு. "முந்நூத்து இருபத்து நாலு வாட்டு. நூறு வாட் குண்டு பல்பு மூணு உங்க வயருக்குள்ள ஒளிஞ்சு எரியுது. ஏசிக்கும் போகாம, ஹீட்டருக்கும் போகாம, சும்மா வயரையும் சுவத்தையும் சுட்டுக்கிட்டு இருக்கு. இதத் தடுக்கத்தான் பியூஸ் தினமும் போச்சு. அது வாயை நீங்க கட்டிட்டிய" என்றேன். கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம். என் வாய் உனக்குத் தெரியாததா? அவர் முகம் சிவந்துவிட்டது. "முத நாளே என் வீட்டுல குத்தம் கண்டுபிடிக்க வந்தியளா?" என்று சத்தம் போட்டார். "இங்கன கைய வைங்க" என்று சுவரோடு போகிற வயர்ப் பட்டியைக் காட்டினேன். வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். எடுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டாரே தவிர, ஒரு வார்த்தை இறங்கி வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் காபி வந்தது.

தட்டில் பத்து டம்ளர். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. அன்றைக்குக் காலையில் நீ என் சேலை மடிப்பைச் சரி செய்துவிட்டு, "எம்மா, வாயக் கொஞ்சம் அடக்கி வச்சுக்கோ" என்று சொல்லி அனுப்பியிருந்தாய். ஒரு வாய் குடித்திருந்தால் எல்லாம் சுபம். வயரை மாற்றுவதைப் பிறகு பையப் பேசிக்கொள்ளலாம் என்றுதான் உங்கப்பாவும் கண்ணைக் காட்டினார். ஆனால் பிறகு யார் மாற்றுவார்கள்? கல்யாணம் முடிந்த வீட்டில், பெண்ணைக் கொடுத்த பிறகு, என் பேச்சு அம்பலம் ஏறுமா? நீ அந்த அறையில் கதவைச் சாத்தித் தூங்குவாய். நான் இங்கே திருநெல்வேலியில் மீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? கும்பிட்டுச் சொன்னேன்: "அண்ணாச்சி, பையன் தங்கம். உங்க குடும்பத்துல ஒரு குறை கிடையாது. இந்த வயர மாத்திட்டுக் கூப்பிடுங்க. அன்னைக்கு வந்து கை நனைக்கேன். அதுவரைக்கும் என்னால முடியாது." உன் சின்ன மாமியார் அப்போது சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது: "இவ பொண்ணு கொடுக்க வந்தவளா, லைன்மேனா?" உன்னிடம் கதை சொன்னபோது இதை விட்டிருப்பார்கள்.

திரும்பி வரும்போது வேன் சேரன்மாதேவி தாண்டினதும் என் வீறாப்பு இறங்கிவிட்டது. அடிப்பாவி, பெற்ற பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டாயே என்று என்னையே நான் திட்டிக்கொண்டேன். அப்போது உங்கப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அன்னைக்கு நம்ம வீட்டு பியூஸ் கட்டையில கிடந்த காயில் கம்பிய எடுத்து வாய்க்கால்ல போட்டது நாந்தான். இன்னைக்கு நீ செஞ்சது சரிதான்." ஏட்டி, எனக்கு உயிரே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடம் அந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் ஒரு சொல் சொல்லிக் காட்டியதில்லை.

இனி உனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். உன் இடது உள்ளங்கையில் இருக்கிறதே ஒரு தழும்பு, அது உன் சேட்டையால் வந்தது என்றுதான் உனக்குத் தெரியும். "சின்ன வயசுல நான் சரியான வாலு, சுவிட்ச் பெட்டியைப் போய்ப் புடிச்சு சுட்டுக்கிட்டேன்" என்று நீயே சிரித்துக்கொண்டு சொல்வாய். மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்க்க வந்தபோதும் சொன்னாய். நீ சேட்டை செய்யவில்லை, மகளே. நாம் அப்போது பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். உனக்கு நாலு வயது. கார் நெல் சாகுபடி நேரம், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. வார்னிஷ் பூசிய காயிலைச் சீக்கிரம் காய வைக்க வீட்டிலேயே ஒரு ஹீட்டரைப் போட்டேன். பியூஸ் போனது. போட்டேன், மறுபடி போனது. மூன்றாவது தடவை எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வேறு யாருக்காவது தடித்த கம்பிக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கும், அதற்குள் புத்தி வந்திருக்கும். எனக்கோ மடி நிறையச் செம்புக் கம்பி. ஒரு முழம் வெட்டி முறுக்கி பியூஸ் கட்டையில் கட்டிவிட்டு, கெட்டிக்காரி மாதிரி வேலையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பியூஸ் போகவில்லை. சுவிட்ச் பெட்டிதான் உருகியது. அது உன் உயரத்தில் இருந்தது. சுவரைப் பிடித்து நடந்துவந்த நீ அதில் கையை ஊன்றினாய். ஆஸ்பத்திரியில் எப்படி ஆனது என்று கேட்டார்கள். "பிள்ளை சேட்டை" என்று சொன்னேன். முதல் தடவை பயத்தில் சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் வெட்கத்தில் சொன்னேன். உன் கையைச் சுட்டதும் நான். பழியை உன் மேல் போட்டதும் நான். என்னை மன்னித்துவிடு.

அதற்குப் பிறகுதான் நான் கணக்குப் படித்தேன். பழைய பேப்பரோடு வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் ஒன்று கிடைத்தது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். இவ்வளவுதான், வெண்டைக்காய் வாங்குகிற கணக்கு. இது தெரியாமலா பிள்ளை கையைப் பொசுக்கினோம் என்று அழுகையாக வந்தது. ஆனால் என் சந்தேகப் புத்தி சும்மா இருக்குமா? நூறு வாட் பல்பு ஒன்றை எடுத்து, மீட்டரில் ஓம் பார்த்தேன். நாற்பதுதான் காட்டியது. புத்தகக் கணக்குப்படி ஐந்நூற்றுச் சொச்சம் வர வேண்டும். "எழுதினவனுக்கே தெரியல" என்று இரண்டு வாரம் அந்தப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு நாள் பல்பை எரியவிட்டு ஆம்பியர் பார்த்தேன்: 0.43. இருநூற்று முப்பதை அதால் வகுத்தேன். ஐந்நூற்று முப்பத்தைந்து வந்தது. புத்தகம் சரி, நான்தான் தப்பு. ஆறிக் கிடக்கிற கம்பியை அளந்துவிட்டு, எரிகிற கம்பியைப் பற்றித் தீர்ப்புச் சொன்னேன். அன்றைக்குக் கடையில் தனியாக உட்கார்ந்துகொண்டு கையைத் தட்டிச் சிரித்தேன்.

இந்தத் தப்பை மனிதர்களிடமும் செய்திருக்கிறேன். உன் மாமனார் கதையிலும் செய்தேன். சத்தம் போட்ட மனுசனைப் பார்த்து, இவர் வீம்பு பிடித்தவர், தலைகீழாக நின்றாலும் இறங்கி வர மாட்டார் என்று வேனிலேயே முடிவுகட்டிவிட்டேன். பத்து நாள் அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு தகவலும் இல்லை. நீ சரியாகச் சாப்பிடவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. "அவங்க வீட்டுல ஏதோ வேலை நடக்குதாம்" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாய். உனக்கு நடந்தது தெரியாது, உன்னைக் கலங்க வைக்க வேண்டாமென்று மாப்பிள்ளையும் சொல்லவில்லை போலிருக்கிறது, எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு மோட்டாரிடமும் ஒத்திகை பார்த்தேன்.

பதினோராவது நாள் காலை பத்து மணிக்கு உன் மாமனார் தனியாகப் பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை. பையில் இருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்து, நான் காயில் கட்டுகிற மேஜையில் பிரித்து வைத்தார். அந்த மாடி வயர். மேல் உறை கருகிப்போய், தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கி மேஜையில் உதிர்ந்தது. இரண்டு வயரும் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிக்க நூலிழைதான் மிச்சம். "மூணு எலெக்ட்ரீசியனக் கூப்பிட்டுக் காட்டுனேன், நீங்க சொன்னது தப்புன்னு ஒருத்தனாவது சொல்ல மாட்டானான்னு" என்றார். "மூணு பேரும் உங்க கணக்கத்தான் சொல்லுதான். பட்டியப் பிரிச்சு உருவுனா இப்படி இருக்கு. அந்த ரூம்புலதான என் மவனும் படுக்கணும்?" குனிந்து, உதிர்ந்த கரியை விரலால் ஒதுக்கினார். பிறகு நிமிர்ந்து, முதல் தடவையாக அந்தச் சொல்லால் என்னைக் கூப்பிட்டார்: "தங்கச்சி, வீடு முழுக்கப் புது வயர் போட்டாச்சு. எப்ப வருதிய கை நனைக்க?" நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயாடி, ஊரையே வாய்க்குள் போடுகிறவள், பேச்சு வராமல் வார்னிஷ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை போனோம். மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதிக் குழம்பைக் கல்யாணத்துக்கு முன்பே வைத்துவிட்டார்கள். தேங்காய்ப்பால் மணம் வாசலுக்கு வந்து கூப்பிட்டது. இலை போட்டாயிற்று. நான் கையை நீட்டப்போனால், "இருங்க தங்கச்சி! மீட்டரு கொண்டாந்திருக்கியளா?" என்றார் உன் மாமனார். உங்கப்பா வாய்விட்டுச் சிரித்தார். மூன்றையும் போட்டு, அவரே கீழே படித்தார், அவரே மாடி ஏறிப் படித்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. பத்தொன்பது ஆம்பியர் ஓடுகிறது, காணாமல் போனது மூன்றே வோல்ட். மாடிப்படியில் நின்றுகொண்டு கூடத்துக்கே கேட்கும்படி, ஏலம் போடுகிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்: "அம்பத்தேழு வாட்டு! முந்நூத்து இருபத்து நாலு எங்கன, அம்பத்தேழு எங்கன!" அதற்குப் பிறகு நான் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே, மூன்று தடவை சொதி வாங்கினேன். இன்னொன்றும் சொல்கிறேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில் உன் சின்ன மாமியார் பையப் பக்கத்தில் வந்து, "மதினி, எங்க வீட்டையும் ஒரு எட்டுப் பாத்திருங்களேன்" என்றார்கள். போய்ப் பார்த்தேன். அங்கேயும் தடித்த கம்பிதான்! அதை உன்னிடம் சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீ என்ன ஆகியிருப்பாய்? அழுதிருப்பாய். என்னைப் பல வருடம் வெறுத்திருப்பாய். அதை நான் யோசிக்காமல் இல்லை. காபித் தட்டு முன்னால் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் அதையும் தராசில் வைத்துத்தான் பார்த்தேன். நீ என்னை வெறுத்துக்கொண்டு உயிரோடு இருந்தால் போதும் என்று பட்டது. இன்னொரு தடவை அந்தத் தட்டு வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் நடந்ததை உன்னிடம் நானே சொல்லியிருக்க வேண்டும். நீ அடுத்தவர் வாயால் கேட்க வைத்தது என் தப்பு. உனக்குக் கல்யாண வாழ்க்கைக்கு ஒரு புத்திமதி வேண்டுமென்றால் இதுதான்: வீட்டில் யாருக்காவது எரிச்சல் அடிக்கடி வந்தால், வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதே. எங்கே சுமை கூடிவிட்டது என்று பார். உனக்கே வந்தாலும் அப்படித்தான். என்னைப் போலத் தடித்த கம்பி போட்டுவிட்டு இருபத்திரண்டு வருடம் உள்ளே வெந்துகொண்டிருக்காதே.

இந்தக் கடிதத்தோடு அந்தத் தாளையும் வைத்திருக்கிறேன். முன்பக்கம் ஜோசியர் எழுதிய எட்டுப் பொருத்தம். பின்பக்கம் அம்மா எழுதிய கணக்கு. இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள். இனி யாராவது உன் உள்ளங்கையைப் பார்த்து இது என்ன தழும்பு என்று கேட்டால், நான் வாலு என்று சொல்லாதே. "எங்கம்மா கணக்குத் தெரியாம பண்ணின தப்பு" என்று சொல். சொல்லிவிட்டு, அந்தக் கையாலேயே உன் அறையில் ஏசி, ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் போடு. மேலே மின்விசிறியைப் பார். அசராமல் சுற்றும்.

உன் அம்மா